டிசி படங்கள் சரிந்ததற்கு ஸாக் ஸ்னைடர்தான் காரணமா?

இல்லை. டிசி காமிக்ஸ் நாயகர்களை வைத்துச் சில படங்கள் இயக்கியவர் ஸ்னைடர். நான் அவருடைய விசிறி கிடையாது. அவருடைய சூப்பர்மேன் எந்நேரமும் இறுகிய முகத்தோடு திரிவது எனக்கும் பிடிக்காது. ஆனால் நீங்கள் தியேட்டரில் பார்த்ததை வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே வந்தது, அவற்றைத் தயாரித்த ஸ்டுடியோவான வார்னர் பிரதர்ஸ் கத்தரி போட்ட படம்.

2016இல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மே'னையே எடுங்கள். தியேட்டரில் 151 நிமிடம், பிறகு வீடியோவில் வந்த முழுப் பதிப்பு 182 நிமிடம். செனட் விசாரணையில் சக்கர நாற்காலிக்குள் இருந்த குண்டு வெடிக்கிறது. எதையும் ஊடுருவிப் பார்க்கிற சூப்பர்மேனுக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காத ஆளே இல்லை. விடையைப் படம்பிடித்துத்தான் வைத்திருந்தார்கள்: நாற்காலிக்குள் ஈயம் பூசியிருந்தது, ஈயத்தை அவர் பார்வை துளைக்காது. அது சூப்பர்மேனின் காதலியான நிருபர் லோயிஸுக்குத் தெரியவரும் காட்சி வெட்டில் போய்விட்டது. ஆப்பிரிக்காவில் நடந்த கொலைகளுக்கு சூப்பர்மேன்தான் காரணம் என்று சாட்சி சொன்ன பெண்ணைப் பொய் சொல்லவைத்தார்கள் என்பதும் அதோடு போயிற்று. சண்டையை வைத்துக்கொண்டு காரணத்தை வெட்டினால் கதை ஓட்டையாகத்தான் தெரியும்.

விமர்சனம் மோசமாக வந்ததும் ஸ்டுடியோ பதறியது. அதே ஆண்டு 'சூசைட் ஸ்க்வாட்' படத்துக்கு, டிரெய்லர் வெட்டிய கம்பெனியையே கூப்பிட்டு ஒரு பதிப்பு எடிட் செய்யவைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்குப் பாட்டோடு ஓடுகிற வேகம் இரண்டு மணி நேரக் கதைக்குத் தாங்காது.

டிசி நாயகர்கள் ஒன்றுசேரும் 'ஜஸ்டிஸ் லீக்'தான் பெரிய கொடுமை. 2017 மே மாதம் குடும்பத் துயரத்தால் ஸ்னைடர் விலகினார். ரிலீஸைத் தள்ளிவைத்திருக்கலாம். நவம்பர் 17ஐ அசைக்காமல், இன்னொரு இயக்குநரான ஜாஸ் வீடனை வைத்துப் பல காட்சிகளை மறுபடி எடுத்து, இசையமைப்பாளரையும் மாற்றி, இரண்டு மணி நேரத்தில் முடித்தார்கள். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கெவில் அப்போது 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்காக மீசை வைத்திருந்தார். அந்தப் படத்தின் ஸ்டுடியோவான பாரமவுண்ட் மழிக்க விடவில்லை. மீசையைக் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். முதல் காட்சியிலேயே பாருங்கள், பேசும்போது மேலுதடு ஒட்டவைத்தது போல நிற்கும். நாயகர்களில் ஒருவனான சைபார்கின் கதை ஏறக்குறைய மொத்தமும் காலி. 2013இல் சூப்பர்மேன் தனியாக வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' உலகளவில் சுமார் 66.8 கோடி டாலர் வசூலித்தது. பேட்மேனும் வொண்டர் உமனும் கூட நின்றும் இது 65.7 கோடிதான். ஆள் வரவில்லை என்று சொல்லவும் முடியாது. அதே ஆண்டு ஜூனில் வந்த 'வொண்டர் உமன்' 82 கோடியைத் தொட்டது.

பிறகும் புத்தி வரவில்லை. படப்பிடிப்பு முடிந்த 'பேட்கேர்ள்' படத்தை 2022 ஆகஸ்டில் வெளியிடாமலே கிடப்பில் போட்டார்கள், சுமார் 9 கோடி டாலர் செலவான படம். 2023 ஜனவரியில், டிசி படங்களின் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் கன் புது வரிசையை அறிவித்தார். பழைய வரிசைப் படமான 'ஃப்ளாஷ்' வந்தது ஜூனில். மூடப்போகிற கதைக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

182 நிமிடப் பதிப்பையும், 2021இல் ஸ்னைடரின் சொந்தப் பதிப்பாக வந்த 242 நிமிட 'ஜஸ்டிஸ் லீக்'கையும் பார்த்துவிட்டு ஸ்னைடரைத் திட்டுங்கள், அது நியாயம். இரண்டாவது படம் 4:3 சட்டத்தில் இருக்கும். இருபுறமும் கறுப்பாக இருக்கிறதே என்று டிவியில் ஜூம் வைக்காதீர்கள். மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும். அப்படிப் பார்த்துவிட்டு ஃப்ரேமிங் சரியில்லை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.