மார்ச் 31-க்குப் பயந்து மானியத்தைக் கைமாற்றாதீர்கள்

கேள்வி: மாணவர்கள் கருவிகளைச் செய்து பழகுவதற்கான அடல் டிங்கரிங் ஆய்வகம் அமைக்க எங்கள் பள்ளிக்கு மத்திய அரசின் மானியமாக வந்த 10 லட்சம் ரூபாயில் பாதி இன்னும் வங்கியில் இருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்றும், மொத்தமாகக் கொடுத்தால் பொருள், பில், பயன்பாட்டுச் சான்றிதழ் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகவும் ஒரு நிறுவனம் சொல்கிறது. கொடுக்கலாமா?
– ஒரு தலைமை ஆசிரியை

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மார்ச் 31 கணக்கை முடிக்கும் நாள்தானே தவிர, பணத்தைத் தீர்த்துவிட வேண்டிய நாள் அல்ல. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் உள்ள 12-ஏ படிவத்தை எடுத்துப் பாருங்கள். மானியம் செலவான விவரத்தை அரசுக்குத் தரும் பயன்பாட்டுச் சான்றிதழின் படிவம் அதுதான். அதில் இறுதி இருப்பு என்று ஒரு கட்டமே இருக்கிறது. மீதித் தொகையை அங்கே உள்ளபடி எழுதுங்கள். அடுத்த தவணையை முடிவு செய்யும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

வட்டிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. மானியம் சேமிப்புக் கணக்கில் கிடந்து ஈட்டிய வட்டி பள்ளியின் பணம் அல்ல. கணக்கு முடிந்ததும் அதை அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். நல்ல எண்ணத்தோடு அந்த வட்டியில் கூடுதலாக நான்கு சென்சார் வாங்கினாலும் தணிக்கையில் ஆட்சேபணைதான் வரும். படிவத்தில் ஈட்டிய வட்டிக்கு ஒரு கட்டமும், திருப்பிச் செலுத்திய வட்டிக்கு ஒரு கட்டமும் அடுத்தடுத்து இருப்பதே இதற்காகத்தான்.

இனி அந்த நிறுவனத்தைப் பற்றி. நான் தணிக்கை செய்த ஒரு பள்ளியில் மூன்று கடைகளின் பெயரில் மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. மூன்றிலும் ‘மைக்ரோகண்ட்ரோலர்’ என்ற சொல் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பிழையாக அச்சாகியிருந்தது. முப்பரிமாண அச்சுப்பொறியோ பிரிக்காத அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. விற்றவரைத் தொலைபேசியில்கூடப் பிடிக்க முடியவில்லை. விளக்கக் கடிதம் எழுதியவர் தலைமை ஆசிரியர்தான். சான்றிதழில் இருப்பது உங்கள் கையொப்பம் என்பதை மறவாதீர்கள். அரசின் இணையக் கொள்முதல் சந்தையான ஜெம் (GeM) தளத்தில் நீங்களே வாங்குங்கள். பொருள் வந்து, இயக்கிப் பார்த்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே பணம் கொடுங்கள்.

பாடம் நடத்த வேண்டிய அறிவியல் ஆசிரியரைக் கணக்கராக்கிவிட்டு, ஒரு நாள் பயிற்சிகூடத் தராமல், சான்றிதழ் தாமதமானால் அடுத்த தவணையை நிறுத்திவைக்கும் ஏற்பாடுதான் இத்தகைய இடைத்தரகர்களை வாழவைக்கிறது. எத்தனையோ கூட்டங்களில் இதைச் சொல்லிவிட்டேன், பலன் இல்லை.

இந்த வாரமே வங்கிப் புத்தகத்தில் வரவு பதிந்து, வட்டித் தொகையைத் தனியாகக் குறித்து வையுங்கள்.