மைவிழியைப் பார்த்தது யார்?

கேள்வி: ‘நீ வராத மாலையில் / வாசலில் காத்திருந்தேன் / அவள் மைவிழியில் வழிந்தது / காதலின் கண்ணீர்.’ இந்தக் கவிதையை, பேசுவது யார் என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நாலு வரிக் காதல் கவிதையில் யார் பேசினால் என்ன? உணர்ச்சிதானே முக்கியம்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: நாலே வரி என்பதால்தான் கேட்கிறேன். நாவலில் ஒரு பக்கம் தடுமாறினால் அடுத்த பக்கத்தில் சரிசெய்துகொள்ளலாம். இங்கே அதற்கு இடம் ஏது?

முதல் இரண்டு வரியில் காத்திருக்கிறவளே பேசுகிறாள். மூன்றாவது வரியில் தெருவில் இறங்கி நின்று தன் கண்ணைத் தானே பார்க்கிறாள். ‘அவள்’ என்பதை ‘என்’ என்று மாற்றினாலும் தேறாது. அழுகிறவளுக்குத் தன் கண் மைவிழி என்றா தோன்றும்? தொண்டை அடைக்கும், தெரு மங்கலாகும். ‘மைவிழி’ எதிரே நின்று ரசிக்கிறவனின் சொல். அப்புறம், ‘காதலின் கண்ணீர்’. வாசகர் தானாக உணர வேண்டியதை நீங்களே சொல்லித் தீர்த்துவிட்டீர்கள்.

குறுந்தொகை 25-ஆம் பாட்டைப் பாருங்கள். கபிலர் பாடியது. கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. தலைவி தோழியிடம் சொல்கிறாள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவனைத் தலைவன் என்று சொல்லவில்லை, கள்வன் என்கிறாள். ஆசையும் பயமும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. என்னோடு கூடியதை அவன் இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று சாட்சி தேடுகிறாள். யாரும் இல்லை என்று முதலில் சொன்னவளுக்குக் கடைசியில், அவர்கள் கூடிய அன்று அங்கே நின்ற ஒரு குருகு, அதாவது கொக்கு போன்ற நீர்ப்பறவை, ஞாபகம் வருகிறது. ‘குருகும்’ என்பதில் இருக்கிற அந்த ‘உம்’மைக் கவனியுங்கள். அந்தக் குருகோ ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கால் அவளுக்குத் தினைத்தாளாகத் தெரிகிறது. தினை விளையும் மலைநாட்டுப் பெண்ணுக்கு வேறெந்த உவமை வரும்? குருகின் கால்தான் நினைவில் நிற்கிறது என்றால், அன்றைக்கு நாணத்தில் தலை குனிந்தே நின்றிருக்கிறாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பயம் என்ற சொல் பாட்டில் எங்கேயும் இல்லை. ‘அவள் அஞ்சினாள்’ என்று கபிலர் நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

நீங்கள் ஆணாக இருந்து பெண் குரலில் எழுதியதில் தப்பே இல்லை. கபிலரும் ஆண்தான்.

உங்கள் கவிதையில் எனக்குப் பிடித்த சொல் ‘வாசல்’. அன்று மாலை அங்கே நின்றவள் கண்ணில் என்ன பட்டது? கடைசி இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, அதை எழுதி அனுப்புங்கள்.