பவர் டேபிள் கணக்குக்கு ஒரு ஆப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டை ஒட்டிய ஷெட்டில் மிஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்துகிறோம். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் கணக்கெல்லாம் நோட்டில்தான். சனிக்கிழமை சம்பளம் போடும்போது யாராவது ஒருத்தர் "என் கணக்குல ரெண்டு பண்டல் குறையுதுங்க்கா" என்று வந்து நிற்கிறார். ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தன் போனிலேயே பார்க்கிற மாதிரி ஒரு வெப் ஆப் செய்ய ஆசை. பி.காம். படித்திருக்கிறேன், எக்செல் ஓரளவு வரும், கோடிங் தெரியாது. ஏஐயிடம் சொன்னால் செய்து தந்துவிடுமா? இல்லை, கோர்ஸில் சேர வேண்டுமா?
வாசகி, பெருமாநல்லூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மணி. கோர்ஸுக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எதுவானாலும் நீங்கள் தமிழில் கேட்டாலே கோடு எழுதித் தரும். ஆனால் உங்கள் ஷெட்டில் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருள் காலத்திலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் எழுதிப் பிழைத்தவன் நான். புரோகிராம் தப்பாகி நின்ற வேலைகளை விட, கம்பெனிக்காரர் தன் கணக்கையே சரியாகச் சொல்லத் தெரியாமல் நின்ற வேலைகள்தான் அதிகம்.

அதனால் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் நோட்டைத் திறங்கள். அதில் நான்கு பட்டியல் ஒளிந்திருக்கும். ஆட்கள் ஒன்று. ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று மிஷின் வாரியாகத் தையல் வேலைகளும் அவற்றின் ரேட்டும் ஒன்று. யார், எந்தத் தேதி, எந்த ஸ்டைல், எத்தனை பீஸ் என்ற அன்றாடப் பதிவு ஒன்று. அட்வான்ஸ் ஒன்று. இந்த நான்கையும் எக்செல்லில் நான்கு ஷீட்டாகப் போட்டுப் பாருங்கள். டேட்டாபேஸ் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது கிட்டத்தட்ட இதுதான்.

இங்கே மூன்று இடத்தில் கால் இடறும். மூன்றையும் ஏஐ தானாகச் சொல்லும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

முதலாவது ரேட். தோள் சேர்க்க 70 பைசா என்று வேலைப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த மாதம் அதை 80 ஆக மாற்றுகிறீர்கள். ஆப் சம்பளத்தை அந்தப் பட்டியலைப் பார்த்தே கணக்குப் போடுமானால், போன மாதம் கொடுத்து முடித்த சம்பளமும் 80 பைசாவுக்கு மாறி நிற்கும். டெய்லர் போனில் பழைய கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு "பாக்கி எங்கே?" என்று கேட்பார். கேட்பது நியாயம்தானே! ஒவ்வொரு பதிவின் வரிசையிலும் அன்றைய ரேட் சேர்ந்தே எழுதப்பட வேண்டும். கூடவே, காசை ரூபாயில் தசமப் புள்ளி வைத்துச் சேமிக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைக்கச் சொல்லுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் இந்தத் தசமங்களை இரண்டின் அடுக்குகளாக வைப்பதால் வரும் வினை அது.

இரண்டாவது தேதி. சனிக்கிழமை ரெண்டு ஷிப்ட் ஓடி நள்ளிரவு தாண்டி முடிகிறது. பன்னிரண்டரை மணிக்குப் பதிவு போட்டால் போனுக்கு அது ஞாயிறு. பீஸ் அடுத்த வாரச் சம்பளத்துக்குப் போய்விடும். சர்வர் கடிகாரமோ பெரும்பாலும் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். அதன் கணக்கில் அது இன்னும் சனிக்கிழமை இரவு ஏழு மணி. இந்தக் குழப்பமே வேண்டாம். பதிவு போட்ட நேரத்தை மிஷின் எழுதிக்கொள்ளட்டும். ஷிப்ட் தேதி என்று தனிக் கட்டம் வைத்து அதை நீங்கள் போடுங்கள். சம்பளம் ஷிப்ட் தேதியை வைத்துத்தான்.

மூன்றாவது திருத்தம். தப்பாக விழுந்த பதிவை அழிக்கவோ மாற்றவோ யாருக்கும், உங்களுக்கும்தான், வழி வைக்காதீர்கள். கழித்து ஒரு பதிவு, சரியானதாக இன்னொரு பதிவு. பி.காம். படித்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பண்டல் சண்டை தீருவது இதனால்தான். அதோடு, ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக ஏற்றாமல், பண்டலைக் கொடுக்கும் இடத்திலேயே டெய்லர் கண் முன்னால் பதிவு விழ வேண்டும். இது இல்லாமல் எத்தனை அழகான ஆப் செய்தாலும் சனிக்கிழமை சண்டை சனிக்கிழமை நடக்கும்.

சரி, எதில் செய்வது? முதலில் கூகுள் ஷீட்டில் அந்த நான்கு பட்டியலைப் போட்டு, ஆப்ஷீட்டில் இணைத்துப் பாருங்கள். கூகுள் 2020இல் வாங்கிய நிறுவனம் அது. கோடு எழுதாமலே ஷீட்டின் மேல் திரை கட்டித் தரும். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடிந்துவிடும் என்பது என் எண்ணம். அது போதாது என்று தோன்றும்போது ஏஐயிடம் போங்கள். போனால், "டெய்லரிங் யூனிட்டுக்கு ஆப் செய்து கொடு" என்று ஒரே வாக்கியத்தில் கேட்காதீர்கள். பட்டியல்களையும் மேலே சொன்ன விதிகளையும் முதலில் எழுதிக் கொடுங்கள். அப்புறம், "பதிவு போடும் திரை மட்டும்" என்று கேளுங்கள். அது ஓடிய பின் அடுத்தது. ஓடுகிற நிலை ஒவ்வொன்றையும் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். அடுத்த திருத்தத்தில் ஏஐ நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்து வைக்கும், அப்போது திரும்பிப் போக இடம் வேண்டும்.

சரிபார்க்க நல்ல வழி உங்களிடமே இருக்கிறது. முடிந்துபோன ஒரு வாரத்து நோட்டை எடுத்து அப்படியே ஆப்பில் ஏற்றுங்கள். ஒவ்வொருவர் சம்பளமும் பைசா வரை பொருந்த வேண்டும். பொருந்தாத ஆளை எடுத்து வரி வரியாகப் பாருங்கள். சில சமயம் தப்பு நோட்டிலும் இருக்கும்! இப்படி நான்கு சனிக்கிழமை ஒத்துப்போன பிறகு நோட்டை மூடலாம்.

கேள்வி: மகன் ஏஐயை வைத்து எங்கள் பெட்ஷீட் கடைக்கு ஒரே நாளில் ஆர்டர் ஆப் செய்துவிட்டான். நன்றாக ஓடுகிறது. ஆனால் அவன் நண்பன் எல்லா வாடிக்கையாளர் போன் நம்பரையும் எடுத்துக் காட்டுகிறான். பாஸ்வேர்டு இருந்தும் எப்படி?
வாசகர், சென்னிமலை

பதில்: பாஸ்வேர்டு திரைக்குத்தான் போட்டிருக்கிறது, டேட்டாபேஸுக்கு இல்லை. பிரவுசருக்கு வந்து சேரும் கோடு முழுவதையும் யாரும் பிரித்துப் பார்க்கலாம். பட்டனை மறைப்பது பூட்டு ஆகாது. "இந்த வரிசையை அதன் சொந்தக்காரர் மட்டுமே பார்க்கலாம்" என்ற விதி டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும். ரோ லெவல் செக்யூரிட்டி என்று மகனிடம் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வான்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு வாடிக்கையாளராக உள்ளே போய், முகவரிப் பட்டையில் ஆர்டர் எண் 41 என்று இருந்தால் 42 என்று மாற்றித் தட்டுங்கள். அடுத்தவர் ஆர்டர் திறந்தால் கடையைத் திறந்து போட்டு வீட்டுக்குப் போன மாதிரிதான். சரி செய்யும்வரை ஆப்பை நிறுத்தி வையுங்கள். டேட்டாபேஸைத் திறக்கும் ரகசியச் சாவி கோடுக்குள் எழுதப்பட்டு, கோடைச் சேமித்து வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரியும்படி ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏறியிருந்தால் அந்த வரியை அழித்துப் பயனில்லை, பழைய பதிப்பில் அது அப்படியே இருக்கும். சாவியையே மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் விவரத்தைக் காப்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் வருகிற விஷயம்.

கேள்வி: நாட்டுச்சர்க்கரை வியாபாரத்துக்கு நானே ஒரு ஆப் செய்தேன். விவசாயிகள் பெயரைத் தமிழில் ஏற்றினால் சில பெயர் கேள்விக்குறியாகவும், சில பெயர் புரியாத ஆங்கில எழுத்தாகவும் வருகிறது. ஏன்?
வாசகர், கவுந்தப்பாடி

பதில்: இரண்டும் வேறு வேறு வியாதி. ஆங்கில எழுத்தாக வருபவை பாமினி மாதிரியான பழைய ஃபான்டில் அடித்தவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதன் மேல் தமிழ் உருவம் போட்டுக் காட்டியது. எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், மாற்றி ஏற்றுங்கள். கேள்விக்குறியாக வருபவை, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் டேட்டாபேஸ் இல்லாததால் வந்தவை. அமைப்பை மாற்றினால் இனி ஏற்றும் பெயர்கள் சரியாக நிற்கும். ஏற்கனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டவை திரும்ப வராது. பழைய பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.