ஜூனோ 106: ஆறில் ஒரு சுரம் கரகரப்பது

கோபி நண்பருக்குங்க, நோம்பிக் கச்சேரிக்கு வாங்கின ரோலண்ட் ஜூனோ 106 சிந்தசைசர் கீபோர்டுல ஒவ்வொரு ஆறாவது சுரமும் கரகரக்குது, மெக்கானிக் விரல்ல அமுக்கற கட்டையை மாத்தச் சொல்றாருன்னு கேட்டிருந்தீங்க. கட்டை மேல தப்பே இல்லீங்க. கட்டைன்னா எப்பவும் ஒரே கட்டைதான் மக்கர் பண்ணும்.

1984-ல வந்த இந்தக் கருவியில ஆறு குரல், அதாவது ஒரு நேரத்துல ஒரு சுரத்தை எழுப்புற ஆறு தனித்தனி சர்க்யூட். அழுத்த அழுத்த முறை போட்டுப் பேசும். ஒவ்வொண்ணுக்கும் 80017ஏ-ன்னு ஒரு சிப். அதன் மேல பூசின கறுப்புப் பிசின் வயசானா மின்சாரத்தைக் கசிய விடும். டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடிச்சபடியே சுவிட்சைப் போடுங்க. சோதனை முறைக்குப் போகும். அப்புறம் ஒவ்வொரு கட்டையா அமுக்கினா எந்தக் குரல்னு எண் தெரியும். கரகரக்கிற எண்ணைக் குறிச்சுக்குங்க.

அந்தச் சிப்பைக் கழட்டிக் கண்ணாடி பாட்டில்ல சுத்தமான அசிட்டோன்ல ஊறப்போட்டா பிசின் இளகி உரிஞ்சு வரும். கோயமுத்தூர்ல லேப் கெமிக்கல் கடையில கேளுங்க. அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். அவசரப்பட்டுச் சுரண்டினா சிப்போட கம்பிக்கால் ஒடிஞ்சுரும்; சாலிடரை உறிஞ்சி எடுக்கத் தெரிஞ்ச கைதான் தொடணும். பிழைக்கலைன்னா புது நகல் சிப்பே கிடைக்குது. நானா இருந்தா நேரா அதைத்தான் போடுவேன், கச்சேரி நடுவுல மானம் போகக்கூடாதில்லீங்க.

ஜப்பான் செட்டான்னும் பின்னாடி பாருங்க. 100 வோல்ட்னு இருந்தா டிரான்ஸ்பார்மர் இல்லாம நம்ம லைன்ல சொருகாதீங்க.