லாக்டோஸ் சேர்த்தும் மஞ்சள் நிறம் வரவில்லை என்றால்

குளுக்கோஸ் உள்ள ஊடகத்தில் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்து லாக்டோஸ் சேர்த்தும் ஓஎன்பிஜி (என்சைம் உடைத்தால் மஞ்சளாகும் சோதனைப் பொருள்) மஞ்சளாகவில்லை என்கிறீர்கள். லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்சைம் கெட்டிருக்காது, உருவாகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். குளுக்கோஸ் இருக்கும்வரை லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பெர்மியேஸ் புரதம் முடங்கிவிடும். லாக்டோஸ் உள்ளே போகாததால் அந்த என்சைமின் ஜீனை அடைத்துவைக்கும் ரெப்ரஸர் புரதம் டிஎன்ஏவை விட்டு நகராது. ஜீனை இயக்க உதவும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறும் குறைவதால் ஜீனின் படியெடுப்பு (ஆர்என்ஏ நகல் எடுப்பது) இன்னும் மந்தமாகும்.

குளுக்கோஸுக்குப் பதில் கிளிசரால் வைத்து, 1 மில்லிமோலார் ஐபிடிஜி (லாக்டோஸுக்குப் பதிலாக ரெப்ரஸரை விலக்கும் செயற்கைப் பொருள்) போட்டுப் பாருங்கள். அது பெர்மியேஸ் இல்லாமலும் நுழையும், செல் அதைச் செரிக்காது. ஓஎன்பிஜி சேர்க்கும் முன் குளோரோஃபார்மும் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளும் விட்டு செல்சவ்வைத் துளைக்க மறக்காதீர்கள்.

அப்புறம், எந்த ஸ்ட்ரெயின் (ஈ.கோலையின் உள்வகை) என்று நீங்கள் சொல்லவில்லை. வெறும் டிஹெச்5ஆல்ஃபா என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதில் அந்த என்சைமுக்கான லாக்இசட் ஜீன் முழுதாக இல்லை. அந்த ஜீன் முழுதாக உள்ள எம்ஜி1655 ஸ்ட்ரெயின் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.