டோக்கன் பெட்டியில் ஒரு சான்று எண்

கேள்வி: ஜிஎஸ்டி, வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். டிஜிட்டல் கையெழுத்துக்கு வாங்கிய யுஎஸ்பி டோக்கனின் பெட்டியில் ‘எஃப்ஐபிஎஸ் 140-2 லெவல் 3’ என்று போட்டிருக்கிறது. இதை எப்படிச் சரிபார்ப்பது? இந்தச் சான்று இருந்தால் போதுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: சரிபார்க்கலாம் அம்மா, பத்து நிமிட வேலை. எஃப்ஐபிஎஸ் 140 என்பது இரகசியச் சாவிகளைக் கையாளும் கருவிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்; 2 என்பது அதன் பதிப்பு, லெவல் என்பது பாதுகாப்பின் படிநிலை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியும் கனடா அரசும் சேர்ந்து கருவிகளுக்கு இந்தச் சான்றைக் கொடுக்கின்றன. ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் எண் உண்டு. பெட்டியில் எண் இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் நான் வாங்கமாட்டேன்.

என்ஐஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் ஒரு பக்கம் வரும். லெவலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். என் மைத்துனர் வாங்கிய டோக்கனில் லெவல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டோக்கனுடைய மென்பொருளைத் திறந்து பார்த்தால், ஃபர்ம்வேர் எண் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளின் வெர்ஷன் எண்) அந்தப் பக்கத்தில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. “அதே மாடல்தானே சார்” என்றார் கடைக்காரர். மாடல் அதேதான். சோதனைக்கூடத்தில் பார்த்தது அந்த ஃபர்ம்வேரை இல்லையே! சான்று குறிப்பிட்ட வெர்ஷனுக்குத்தான் செல்லும். அப்புறம், 140-2 சான்றுகள் நடப்புப் பட்டியலில் இருக்கக் கடைசி நாள் 2026 செப்டம்பர் 21. புதிதாக வாங்குவதாக இருந்தால் அடுத்த பதிப்பான 140-3 கேளுங்கள்.

போதுமா என்று கேட்டீர்களே, அதுதான் முக்கியமான கேள்வி. 2017இல் செக் நாட்டின் புர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்ஃபினியான் நிறுவனத்தின் சிப்புகள் டிஜிட்டல் கையெழுத்து போன்றவற்றுக்காக உருவாக்கும் ஆர்எஸ்ஏ வகைச் சாவிகளில் (சாவி என்பது இங்கே ஒரு பெரிய எண்) ‘ரோகா’ என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சிறிய சிப்பில் சாவி சீக்கிரம் தயாராக வேண்டும் என்று பகா எண்களை ஒரு குறிப்பிட்ட வடிவத்திலேயே எடுத்திருந்தார்கள். அதனால், எல்லோருக்கும் தெரியும் பொதுச் சாவியிலிருந்தே, கையெழுத்துப் போடும் இரகசியச் சாவியைக் கணக்கிட வழி இருந்தது. அவை காமன் கிரைட்டீரியா என்ற சர்வதேசச் சான்று பெற்ற சிப்புகள்! எஸ்டோனியா அந்த நவம்பரில் ஏறத்தாழ 7 லட்சத்து 60 ஆயிரம் அடையாள அட்டைகளின் டிஜிட்டல் சான்றிதழ்களை நிறுத்திவைத்தது.

ஒரு சிப்பில் ஓட்டை என்றால் அதை நம்பிச் சான்று வாங்கிய அட்டைகளும் டோக்கன்களும் எவை? விடை எல்லாம் பொதுவெளியில்தான் இருந்தது, ஆயிரக்கணக்கான பிடிஎஃப்களுக்குள். ஒரு சான்றறிக்கையின் நடுப்பக்கத்தில் இன்னொரு சான்றின் எண் ஒரு வரியாக வரும். அதை யார் உட்கார்ந்து கோத்துப் பார்ப்பது?

அதே பல்கலைக்கழகத்தார் அதற்கு ‘செக்-செர்ட்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். காமன் கிரைட்டீரியா, எஃப்ஐபிஎஸ் இரண்டின் ஆவணங்களையும் நிரல் மூலம் படித்து, எந்தச் சான்று எதைச் சார்ந்தது, எந்தப் பொருளுக்கு எந்த ஓட்டை பதிவாகியிருக்கிறது என்று இணைத்து, முழுத் தரவையும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. பெயரையும் வெர்ஷனையும் வைத்து நிரல் பொருத்துவதால் சில இடங்களில் தவறான இணைப்பு வரலாம். அங்கே ஓட்டை என்று காட்டினால் பதறாமல் மூல ஆவணத்தைத் திறந்து பாருங்கள்.

உங்கள் டோக்கனின் சான்று எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் இன்றே ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். நாளை ஏதாவது சிப்பில் ஓட்டை என்று செய்தி வந்தால் முதலில் தேட வேண்டியது அந்த இரண்டு எண்களைத்தான்.