தோற்கப் பழகும் வருடங்கள்

அன்புள்ள சார்,

நான் விடாமல் கவனித்துவரும் ஓர் இளம் டென்னிஸ் வீரர், ஜூனியர் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்தவர். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கேள்விப்படாத ஊர்களில், கேள்விப்படாத ஆட்களிடம் முதல் சுற்றிலேயே தோற்கிறார். தரவரிசையில் இன்னும் 500-க்கு வெளியேதான். நடாலும் அல்கராஸும் 19 வயதில் கிராண்ட்ஸ்லாம் (விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) வென்றுவிட்டார்கள். உண்மையான திறமை என்றால் இந்நேரம் தெரிந்திருக்காதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நடாலையும் அல்கராஸையும் அளவுகோலாக வைத்தால் அநேகமாக யாருமே தேறமாட்டார்கள். ஃபெடரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். அதே வருடம் ஜூலையில், ஏடிபி என்ற ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பின் போட்டியில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோல்வி. முதல் ஏடிபி பட்டத்துக்கு 2001 வரை காத்திருந்தார். 2002 விம்பிள்டனில் முதல் சுற்றோடு சரி. 2003 பிரெஞ்சு ஓப்பனிலும் அதே கதை. அடுத்து வந்த விம்பிள்டனில் கோப்பை அவர் கையில். அந்த 2003-ல் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம் வென்றவர் வாவ்ரின்கா. அவருடைய முதல் கிராண்ட்ஸ்லாம் 2014-ல் வந்தது, 28 வயதில்.

ஒரு கணக்கை மறந்துவிடுகிறோம். 32 பேர் ஆடும் போட்டியில் 31 பேர் தோற்றுத்தான் ஊர் திரும்புகிறார்கள். டென்னிஸ் வீரருக்கு வாராவாரம் தோற்பதுதான் தொழில். ஜூனியரில் ஜெயித்தே பழகியவருக்கு இது பேரதிர்ச்சி. சுமாராக ஆடி வந்தவர்கள்கூட இதைச் சுலபமாகத் தாங்கிவிடுகிறார்கள்.

ஜூனியரில் ஒரு பலமான ஃபோர்ஹேண்ட் போதும், பாயின்ட் முடிந்துவிடும். எம்15 என்று சொல்லும் கடைசிப் படிப் போட்டியில் எதிரே நிற்பவருக்கு 27 வயது இருக்கும். அவர் எந்த நாளும் முதல் நூறுக்குள் வரப்போவதில்லை; ஆனால் நீங்கள் அடித்த அந்தப் பந்தைத் திருப்பி அனுப்புவார், மறுபடி அடித்தால் மறுபடியும். உங்கள் இரண்டாவது சர்வ் மெதுவாக வந்து விழுகிறது என்று மூன்றாவது கேமிலேயே கண்டுபிடித்து, கோட்டுக்குள் ஓரடி முன்னால் வந்து நிற்பார். இப்போது இளைஞருக்கு இரண்டு வழி. பழைய சர்வையே வைத்துக்கொண்டு, தெரிந்த ஆட்டத்தை ஆடி, இந்த வாரம் இரண்டு சுற்று தாண்டலாம். அல்லது பந்தைத் தூக்கிப்போடுவதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி, மாதக்கணக்கில் டபுள் ஃபால்ட் போட்டு (இரண்டு சர்வும் தவறி பாயின்டை இழந்து) தோற்கலாம். நல்ல பயிற்சியாளர் இரண்டாவதைத்தான் சொல்வார். வெளியே நின்று ஸ்கோர் மட்டும் பார்க்கிற நமக்கு, பையன் கீழே போய்க்கொண்டிருக்கிறான் என்று தோன்றும்.

அப்படி எத்தனை மாதம் தோற்கலாம் என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. எம்15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். பட்டம் வென்றவருக்கு 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேல், 15 தரவரிசைப் புள்ளிகள். முதல் சுற்றில் தோற்றவருக்குப் புள்ளியே கிடையாது. விமானம், அறை, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் சொந்தச் செலவு. பயிற்சியாளரைக் கூட்டிப்போனால் அவர் செலவும் சேரும். கிடைத்த புள்ளியும் 52 வாரத்தில் கழிந்துவிடும், எனவே காயத்தோடும் ஆடுகிறார்கள்.

மறுபக்கம் பாருங்கள். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர். அதில் 104 பேர் தரவரிசையை வைத்தே நேரடியாக நுழைகிறவர்கள். 2024 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 60,000 பவுண்டு. முப்பது எம்15 பட்டம் வென்றாலும் அந்தத் தொகை சேராது. ஏடிபி அமைப்பு 2024-ல் குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் ஒன்றைக் கொண்டுவந்தது, ஆனால் அதுவும் முதல் 250 பேருக்குத்தான். உங்கள் வீரர் இந்த எல்லாக் கோடுகளுக்கும் வெளியே இருக்கிறார். அங்கே பலர் நின்றுபோவதற்குக் காரணம் வீட்டில் பணம் தீர்ந்ததுதான். திறமையை அளந்து பார்க்கும் நிலைக்கே அவர்கள் வந்து சேர்வதில்லை. 

சீக்கிரம் வென்றால் இதிலிருந்து தப்பிக்கலாமா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டன் வீராங்கனை ராடுகானு 2021-ல் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, பத்து ஆட்டத்தில் ஒரு செட்கூட விடாமல் யுஎஸ் ஓப்பனை வென்றார். வயது 18. இரண்டு வருடத்துக்குள் இரு மணிக்கட்டுகளிலும் கணுக்காலிலும் அறுவை சிகிச்சை. தரவரிசையில் வெகுதூரம் இறங்கினார். அவருக்குக் கோப்பை முதலில் வந்தது, தோற்கப் பழகும் வருடங்கள் பின்னால் வந்தன.

உங்கள் வீரர் தேறுவாரா? தேறாமலும் போகலாம், பெரும்பாலானவர்கள் தேறுவதில்லை. ஆனால் இரண்டு வருட முடிவுகளை வைத்து அதைச் சொல்ல முடியாது. சின்னப் போட்டிகளின் நேரலை இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஸ்கோரை விடுங்கள். மூன்றாவது, அதாவது கடைசி செட், 30-40 (இன்னும் ஒரு பாயின்ட் போனால் அந்த கேம் எதிராளிக்கு), முதல் சர்வ் தவறிவிட்டது என்ற இடத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பந்தைப் பத்திரமாக உள்ளே தள்ளிவிடுகிறாரா, முழுவீச்சில் அடிக்கிறாரா? அடித்து, அது டபுள் ஃபால்ட் ஆகி, ஆட்டத்தையே இழந்தாரென்றால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். நானும் அவரைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கிவிடுவேன்.